மேகத்தைப் பார்த்துக் கோலை விட்டவன்

என்னைப் பார்த்துக் கண்டியில இன்னும் சிரிக்கிறானுங்க. சிரிக்கட்டும். காப்பி காயப் போடுற களத்துல வேலை செஞ்சவன் எவனாவது சிரிச்சான்னா அப்ப கேக்குறேன்.

என் பேரு சவரிமுத்து. வண்டியில இருந்து வீசுற காப்பி மூட்டையைக் கீழ விடாம பிடிக்கிற ஆளு. அதைப் பார்த்துத்தான் எங்க தொரை கூப்பிட்டாரு. அவரு பந்தாட்ட டீமுக்கும் தலைவரு. கோல் காக்குற வெள்ளைக்காரனுக்குக் காய்ச்சல். பிரெஞ்சுக் கப்பல்காரனுங்க வேற கொழும்புல இருந்து ரயிலேறி ஆட வர்றானுங்க. "நல்லா பிடிச்சா, அடுத்து மதராசுக்கு ஆடப் போறப்ப நீயும் வா"ன்னாரு. மதராசு! அப்பா பசியோட தோணி ஏறி விட்டு வந்த கரைக்கு, மகன் பந்து பிடிக்கக் கப்பல்ல போறதா! தூக்கமே வரல.

ஆனா யார்கிட்ட சொல்றது? நாங்க குடியிருக்குற லயத்துல "வாங்க தொரை, உக்காரக் கதிரை போடவா?"ன்னு கேலி. பந்தாடுற போகம்பரைத் திடல்லயோ வெள்ளைக்காரனுங்க ஒரு மரத்தடி, நான் ஒரு மரத்தடி. காலையில மூட்டை, சாயங்காலம் பந்து, பேச ஒரு நாதியில்ல.

களத்துல ஒரு வழக்கம் இருக்கு. காயுற காப்பி நனைஞ்சா பூசணம் பூத்துரும். அதனால மேகத்தை முதல்ல பார்க்குறவன் "மழ!"ன்னு கத்தணும், கையில சோத்து உருண்டை இருந்தாலும் போட்டுட்டு ஓடணும். என் காலு பழகுனது அப்படித்தான்.

ஆட்டம் முடியப் போற நேரம். ஆளுக்கு ஒரு கோல். ஹந்தானை மலை மேல கருகருன்னு மேகம் கவுந்துச்சு. "மழ!"ன்னு கத்திட்டேன். கோலைத் திறந்து போட்டுட்டு, ரோட்டைத் தாண்டி, களத்துல போய்த்தான் நின்னேன். பின்னால பிரெஞ்சுக்காரனுங்க கூச்சல் போட்டுக் குதிக்கிற சத்தம் கேட்டுச்சு. ஐயோ, என் மதராசு!

களத்துல ஒரு காப்பிக் கொட்டைகூட இல்ல. எல்லாம் கூரைக்குள்ள போயிருச்சு. விளக்குமாத்தோட நின்ன, என்கூட களத்துல வேலை செய்யுற அங்கம்மா மூஞ்சியைச் சுளிச்சா. "இப்ப எதுக்கு வந்த? உன்னை நம்பியா இருக்கோம்? உன் இடத்துக்கு வேற ஆளு போட்டாச்சு."

திடலுக்குத் திரும்பி ஓடுனேன். கோல்ல ஒரு கிளார்க்கு நின்னுக்கிட்டிருந்தான். தொரை திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். கையை நீட்டி, "சட்டை"ன்னாரு, அவ்வளவுதான். டீம் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு வெறும் மேலோட ரோட்டுக்கு வந்தேன். அப்பத்தான் மழ பிடிச்சுச்சு. ஒதுங்க அந்தப் பக்கம் களத்துக் கூரை, இந்தப் பக்கம் திடல் கூரை. எதுக்குள்ளயும் போகத் தோணல.