உளி படக்கூடாத கல்

சுமியே மூங்கில் குச்சிகளால் எலும்பின் ஒரு முனையைப் பிடித்தாள். கென்சாகு மரக்குச்சிகளால் மறுமுனையைப் பிடித்தார். எரித்த உடலின் எலும்புகளை இப்படி இருவர் சேர்ந்து எடுத்து ஜாடியில் வைப்பது அங்கே வழக்கம். இருவருமாகத் தூக்கிய கால் எலும்பு பாதி வழியில் ஆடியது. கென்சாகுவின் பிடிதான் நழுவியது. கல்லறைக் கல் செதுக்கியே காலம் தள்ளிய கை அது. எதையும் நழுவவிட்டு அவள் பார்த்ததில்லை.

"விட்டுடாதீங்கண்ணா."

"விடுவேனா? என் தம்பிம்மா."

கால், இடுப்பு, விலா, கடைசியில் தொண்டை எலும்பு. எரித்த தட்டில் இன்னும் சூடு ஆறவில்லை. அவள் கணவன் ரியோஹெய் ஒரு ஜாடிக்குள் அடங்கிப்போனான்.

அண்ணன் கல்லை இழைத்துச் சம்பாதித்தார். தம்பி கல்லை இழைக்காமலே பட்டினி கிடந்தான். டோக்கியோவில் அவனும் நண்பர்களும் பாறையையும் மண்ணையும் அறுக்காத மரத்தையும் கொண்டுவந்து கண்காட்சிக் கூடத்தில் வைப்பார்கள். வைப்பதோடு சரி; அதுவே கலை என்பார்கள். முடிந்ததும் எடுத்த இடத்திலேயே போட்டுவிடுவார்கள். 'பொருள் கோஷ்டி' என்று ஊர் சிரித்தது. அவன் பெயர் சொல்ல மிச்சமிருந்தது ஒரே ஒரு கல். மனசுரு என்ற ஊரின் கடற்கரையில் கண்டெடுத்தது. மார்பளவு உயரம், மேலெல்லாம் பாசியும் உப்பும். இலையுதிர்காலக் கண்காட்சிக்கென்று அண்ணன் பட்டறையில் இறக்கிவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

"நான் இல்லேன்னாலும் நீ கொண்டுபோய் வச்சுடு. ஒரு உளிகூடப் படக்கூடாது," என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். அவள் சத்தியம் செய்தாள். இதைக் கென்சாகுவிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

"பட்டறைக்கு வந்துட்டுப் போம்மா. ஒண்ணு காட்டணும்," என்றார் கென்சாகு.

வெள்ளைத் துணியில் கட்டிய ஜாடியை மார்போடு அணைத்தபடி அவள் பின்னால் போனாள். அவர் தார்ப்பாயை இழுத்தார்.

நாலு பக்கமும் அறுத்து, இழைத்து, கண்ணாடி போல் மெருகேற்றிய கல் நின்றது. நடுவில் ரியோஹெய்யின் பெயர் ஆழமாக வெட்டியிருந்தது. அடியில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் பாசி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் எந்தக் கல் என்று அவளுக்குப் புரிந்தது.

"ஆஸ்பத்திரியில சேத்த அன்னைக்கே ஆரம்பிச்சேன். வேலைக்காரன் எவனையும் தொடவிடல. எல்லாம் இந்தக் கைதான்." விரல் நுனியெல்லாம் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. "ஆயுசு பூரா ஒரு கல்லக்கூட அவனுக்கு முடிக்கத் தெரியல. நானும் கிண்டல் பண்ணியே அவன நோகடிச்சேன். இத ஒண்ணாவது அவனுக்கு முடிச்சுக் குடுத்தேனே, அது போதும்." முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பாவி மனுஷா, அவனை இரண்டாம் முறை கொன்றுவிட்டாயே என்று கத்தச் சுமியேவுக்கு நாக்கு துடித்தது. அந்த விரல்களைப் பார்த்தாள்.

"நல்லா இருக்காம்மா?"

பட்டறைக்குள் யாரோ ரம்பத்தை நிறுத்தினார்கள். அவர் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குண்ணா."

அவர் வாளியையும் அகப்பையையும் கொண்டுவந்து வைத்தார். "கல்லறைக் கல்லுக்கு மொதத் தண்ணி வீட்டுக்காரங்கதான் ஊத்தணும். நீ ஊத்தும்மா."

அவள் ஊற்றினாள். தண்ணீர் எங்கும் நிற்காமல் வழுக்கிக் கீழே ஓடியது. இன்னொரு தரம் மொண்டு ஊற்றினாள். கல் நனையவில்லை.