எடை கூடிய மீன்

சின்னவளுக்குப் புழு என்றாலே குமட்டும். ஒரு நாள் அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் பால் எடுக்கப் போனவள், தயிர் என்று நினைத்து ஒரு டப்பாவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஈர மண். அதில் சிவப்புச் சிவப்பாகப் புழுக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெளிந்துகொண்டிருந்தன. டப்பாவை அப்படியே போட்டுவிட்டுக் கை கழுவும் தொட்டிக்கு ஓடினாள். காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தான், அக்காவின் வீட்டுக்காரர், விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாள் பூரா ஊரார் எச்சில்ல கைய விட்டுக்கிட்டு இருக்கிறவளுக்கு இது அருவருப்பாக்கும்!"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அவளுக்குப் பல்செட்டு செய்யும் பட்டறையில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் சுண்ண மாவைக் கரைத்து ஊற்றி, ரோஸ் மெழுகில் ஈறு செதுக்கி, ஒவ்வொரு பல்லாக நட்டு வைக்க வேண்டும். சில சமயம் உடைந்த பழைய செட்டுகளும் ரிப்பேருக்கு வரும். முந்தின நாள் சாப்பாடு இடுக்கில் காய்ந்துபோய்க் கிடக்கும். முகம் சுளிக்காமல் பிரஷ் போட்டுக் கழுவிவிடுவாள். ஆனால் நெளிகிற ஒன்றைக் கண்டால் மட்டும் எட்ட ஓடிவிடுவாள். அருவருப்புக்கு நியாயம் எங்கே தெரியும்?

அப்படிப்பட்டவள் தூண்டில் பிடித்த கதைதான் இது.

பட்டறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு சாண் தூரத்தில் விளக்கை வைத்துக்கொண்டு பல் நட்டு நட்டுக் கண் எரிய ஆரம்பித்தது. "தினமும் கொஞ்ச நேரம் தூரமா எதையாவது பாருங்க" என்றார் கண் டாக்டர். அவள் ஊரில் தூரமாகப் பார்க்க ஏரி ஒன்றுதான் இருந்தது. வேலை விட்டதும் அங்கே போய் உட்காரத் தொடங்கினாள். அங்கே யூனிஃபார்ம் சட்டையோடு ஒரு பஸ் டிரைவர் நின்று, சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்த ஒரு தூண்டில் கம்பை வீசிக்கொண்டிருந்தார். கம்பு வில்லாக வளைந்தது. ஏதோ பெரிதாக மாட்டியிருக்கிறது என்று அவள் எழுந்து போய்ப் பார்த்தால், விரல் நீளத்தில் ஒரு மீன். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, தூண்டில் முள்ளைக் கழற்றி, அதைத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிட்டார்.

"புழு எங்க வச்சிருக்கீங்க?" என்று தள்ளி நின்றே கேட்டாள்.

"இதுல புழுவே கிடையாதும்மா. இத பாருங்க." நகம் அளவுக்கு ஒரு ரப்பர் மீனைக் காட்டினார். "அல்ட்ராலைட்டுனு சொல்வாங்க. சின்னக் கம்பு, முடி மாதிரி நரம்பு, சின்ன மீனு. பொடி மீன் கடிச்சாக்கூட கையில திமிங்கலம் மாட்டின மாதிரி இருக்கும்."

அன்று இரவெல்லாம் அவளுக்கு அந்தக் கம்பு வளைந்ததே கண்ணில் நின்றது.

அத்தானிடம் யோசனை கேட்டதுதான் தப்பு. அவர் கார் விற்கும் கம்பெனியில் மேனேஜர். தூண்டில் சங்கத்தில் பெரிய புள்ளி. கார்பன் கம்பு, வெளிநாட்டு ரீல், பதினாறு பை வைத்த மேல்சட்டை, மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி என்று அடுக்கிக்கொண்டே போனார். "மட்டமான சாமானோட தண்ணிகிட்டப் போனா மீனே உன்னப் பாத்துச் சிரிக்கும்."

அவர் சொன்னதை வாங்க அவள் ஒரு வருஷம் பட்டினி கிடக்க வேண்டும். வாடகையும் அப்பாவின் மருந்தும் போகக் கையில் நிற்பது கொஞ்சம். விரலுக்குத் தக்கதுதானே வீக்கம்! கடைவீதிக் கோடியில் இருந்த சின்னக் கடைக்குப் போய், கையில் இருப்பது இவ்வளவுதான் என்று வெட்கப்படாமல் சொன்னாள். கடைக்காரர் ஷோகேஸில் கிடந்து பிடி கீறிப்போன ஒரு குட்டைக் கம்பை எடுத்துப் போட்டார். "கம்புல மிச்சம் புடிங்க. ரீல்லயும் நரம்புலயும் புடிக்காதீங்க. பாதியில அறுந்தா அப்புறம் வெறுத்துப்போயிரும்" என்றார். குட்டி ரீல் ஒன்று, மெல்லிய நரம்பு ஒரு சுருள், கொஞ்சம் முள், கனத்துக்காக நரம்பில் பல்லால் கடித்துப் பொருத்துகிற பொடி ஈயக் குண்டு ஒரு டப்பி. அத்தோடு பர்ஸ் காலி.

போலி மீன்களை அவளே செய்துகொண்டாள். பட்டறையில் தூக்கிப் போடும் ரோஸ் பிளாஸ்டிக் துண்டுகளை ராவி, வால் வைத்து, கண் வைத்தாள். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னது இது? மீனுக்கு ஈறா, ஈறுல மீனா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் வாரம் அவள் பிடித்ததெல்லாம் பாசி, ஒரு செருப்பு, முதுகுக்குப் பின்னால் நின்ற மரம். காற்றுக்கு எதிரே வீசினால் அந்த இத்தனூண்டு மீன் திரும்ப முகத்துக்கே வந்தது. நரம்பு சிக்கிப் பறவைக்கூடு மாதிரி ஆகிவிடும், உட்கார்ந்து பிரிப்பாள். பல் நடுகிற கைக்கு அந்தப் பொறுமை இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம், டொக் என்று ஒரு இழுப்பு. கம்பு வளைந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீன் துள்ளிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் பிடித்தவள், அதன் கொழகொழப்பு விரலிடுக்கில் வழிந்ததும் "ச்சீ!" என்று கத்தியேவிட்டாள். ஆனாலும் விடவில்லை. அந்த வழவழப்புத்தான் மீனுக்குத் தோல்சட்டை, அது உரிந்தால் புண்ணாகிச் சாகும் என்று டிரைவர் சொல்லியிருந்தார். கையை நனைத்து, மூச்சை அடக்கி, முள்ளை எடுத்து விட்டாள். பழகிவிட்டது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு "ச்சீ" சொல்லிக்கொண்டேதான் பிடித்தாள்.

சங்கத்தில் அந்த வருஷம் சின்னத் தூண்டில் போட்டி என்று ஒன்று வைத்தார்கள். மூன்று மீன், வாளியில் உயிரோடு கொண்டுவந்து எடை போட்டு, திரும்ப ஏரியில் விட வேண்டும். பரிசு ஒரு வெள்ளிக் கோப்பை, ஒரு ரப்பர் படகு. "நீயும் பேர் குடு. கூட்டத்துக்கு ஆள் வேணும்" என்றார் அத்தான் பெரிய மனது பண்ணி.

போட்டியன்று ரோஸ் மீன் நன்றாகவே வேலை செய்தது. மதியம் வரை சின்னவளின் மூன்று மீன்களை யாரும் எடையில் தாண்டவில்லை. டிரைவர் தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். போட்டி முடியும் மணி அடிக்கப் போகிற நேரத்தில் அத்தான் தன் மூன்று மீன்களோடு வந்தார். பார்வைக்கு அவள் மீன்களைவிடக் கொஞ்சம் சிறியவைதான். தராசில் வைத்ததும் முள் சரசரவென்று ஏறியது. "வயித்துல முட்ட போல" என்றார் யாரோ. கைதட்டல், ஃபோட்டோ, கோப்பை. அத்தானுடைய மீன்கள் மூன்றும் அசையவில்லை; கைதட்டலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாவம், செத்துப்போச்சு. தண்ணில விட்டு என்ன பண்ண" என்று அவர் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற சங்கச் செயலாளர், "அப்ப இன்னிக்கு உங்க வீட்ல மீன் விருந்துதான்!" என்று சத்தமாகச் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரிக்க, அத்தானும் சிரித்துத் தலையாட்ட வேண்டியதாயிற்று. வேடிக்கை பார்க்க வந்திருந்த அக்கா, பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்து, "அப்பா, நீங்களும் இவளும் சாப்பிட வந்துருங்க" என்றாள்.

அப்பாவுக்கு மீன் தலை என்றால் உயிர். வறுத்த தலையை வாயில் போட்டுச் சப்பிச் சப்பி, கண்ணை மூடிக்கொண்டு ருசிப்பார். அன்று அக்கா வீட்டிலும் அப்படித்தான். திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம். அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, முள்ளா?"

"முள்ளு இல்லடி. கல்லு."

பல்செட்டைக் கழற்றினார். மேல்வரிசை நடுவில் கீறியிருந்தது. அவள் கையால் செய்த செட்டு. நாக்கால் துழாவி அவர் தட்டோரத்தில் துப்பியது ஒரு சாம்பல் நிற உருண்டை. சின்னவள் அதை எடுத்து நகத்தால் அழுத்தினாள். நகம் பதிந்தது.

"ஈயம்" என்றாள்.

அத்தான் நிமிரவில்லை. அப்போதுதான் அவர் தட்டைக் கவனித்தாள். வெறும் சோறு. மீனைத் தொடவே இல்லை.

"ஏரில எவன் எவனோ ஈயத்த அறுத்து விடுறான். மீனு முழுங்கியிருக்கும்" என்றார்.

அவள் பதில் சொல்லாமல் எழுந்து அடுக்களைக்குப் போனாள். குப்பைத் தொட்டியில் பேப்பரில் சுருட்டிய பொட்டலம். பிரித்தாள். குடலும் செவுளும் ரத்தமும் ஒரே நாற்றமாக எழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டுப் பிசைந்து தேடினாள். வழுக்கல். உறைந்த ரத்தம். அதற்குள் ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கொத்து. பட்டாணி அளவு ஈய உருண்டைகள்.

இதோ, கொழகொழப்பு என்றால் இதுதான் என்று தோன்றியது. உயிர் மீனின் வழவழப்பெல்லாம் இதற்கு முன்னால் பன்னீர்.

வாசற்படியில் அக்கா நின்றிருந்தாள். சின்னவளுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. இந்த மீனை அலசியவள் யார்?

"நீ பாத்த."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"வயித்தக் கிழிக்கும்போது பாத்திருக்க. பாத்துட்டு, பேப்பர்ல சுருட்டிப் போட்டுட்டு, வறுத்து அப்பா தட்டுல வச்சிருக்க!"

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு நினைச்சேன்டி. தொண்டைல ஒண்ணு நிக்கும்னு எனக்கெப்படித் தெரியும்? எல்லார் முன்னாடியும் விருந்துன்னு சொல்லிட்டாங்க. சமைக்கலைன்னா ஏன்னு கேப்பாங்கல்ல?" அக்காவின் குரல் இறங்கியது. "வெளில சொல்லிடாதடி. மானம் போயிரும்."

"போறதுக்கு இருந்தாத்தானே" என்று சொல்லிவிட்டு, சின்னவள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். உடைந்த பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, பொக்கை வாயோடு, "என்னம்மா ஆச்சு?" என்று அவர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் உருண்டைகளை எடுத்துக்கொண்டு சங்கத்துச் செயலாளரின் டயர் கடைக்குப் போனாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உருண்டைகளைப் பார்த்ததும் எழுந்து கடைக் கதவைச் சாத்தினார். ஆச்சரியப்படவே இல்லை, அதுதான் அவளுக்கு முதல் அடி.

"எங்களுக்கும் முன்னாடியே கொஞ்சம் சந்தேகம் உண்டும்மா. ஆனா பூனைக்கு யார் மணி கட்டுறது? போட்டிக்குப் பணம் குடுக்கிறதே அவர் கம்பெனி." சாம்பார் விரலை நக்கிக்கொண்டார். "அதுவும் போக நீங்க ரெண்டாவது வந்தவங்க. பொறாமைல பேசுறாங்கன்னுதான் சொல்வாங்க. குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்குங்களேன்."

அவள் உருண்டைகளை அவர் டிபன் மூடியில் கொட்டினாள். "எங்கப்பா வாயிலேர்ந்து ஒண்ணு, மீன் குடல்லேர்ந்து மிச்சம். சாப்பிடுங்க."

சாயங்காலம் அத்தானே பட்டறைக்கு வந்தார். கையில் உறை போட்ட ஒரு நீளக் கம்பு. அவள் அப்பாவின் செட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"கார்பன். அன்னிக்குச் சொன்னேனே. வச்சுக்க" என்றார். "எல்லாரும் பண்றதுதான். நான் மாட்டிக்கிட்டேன், அவ்வளவுதான். இதுக்குப் போயி..."

"உயிரோட இருக்கும்போதே வாயில திணிச்சீங்களா, செத்தப்புறமா?"

அத்தான் பார்வையைக் கம்பின் உறைக்குத் தாழ்த்தினார். மூன்று மீனும் ஏன் வாளியிலேயே செத்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த விரல்கள் கம்பை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பார்க்கக் குமட்டியது.

"வெளில போங்க அத்தான். இங்க வாய்க்குள்ள போற சாமான் செய்யிறோம்."

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் போகவில்லை. யாரிடம் போவது? ஆனால் அடுத்த ஞாயிறு சங்கம் கூடியபோது, யாரும் எதிர்பாராமல் அக்கா வந்தாள். துணிப் பையிலிருந்து வெள்ளிக் கோப்பையை எடுத்து எடை போடும் மேஜையில் டங்கென்று வைத்தாள். அத்தான் அங்கேதான் நின்றிருந்தார்; சின்னவளும் ஓரமாக நின்றிருந்தாள்.

"மீன அலசினவ நான். வயித்துல ஈயம் இருந்துச்சு, நானே என் கையால எடுத்தேன். மிஞ்சின ஒண்ணுலதான் எங்கப்பா பல்லு உடைஞ்சுது" என்றாள். அவள் குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது. "இந்தச் சனியன் எங்க வீட்ல வேணாம்."

செயலாளர் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். டிரைவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அப்ப பரிசு யாருக்கு?" என்று நிதானமாகக் கேட்டார். நாலைந்து பேர் சின்னவளைப் பார்த்தார்கள். அந்தக் கோப்பையை அவள் தொடக்கூட விரும்பவில்லை. "ஏரில போடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அத்தானைச் சங்கத்திலிருந்து எடுத்தார்கள் என்றும், இல்லை, அவரே விலகிக்கொண்டார் என்றும் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். கம்பெனிப் பணம் மட்டும் நின்றுபோனது. வீட்டில் அவர் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்கா இப்போதெல்லாம் சில சாயங்காலம் ஏரிக்கு வருகிறாள். தூண்டில் பிடிப்பதில்லை; சும்மா கல்லில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பாள். ஒரு நாள், சின்னவள் ஒரு மீனை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்.

"என்னப் பாத்தா உனக்கு அருவருப்பா இல்லியாடி?"

"இருந்துச்சு."

"இப்ப?"

சின்னவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கொஞ்சம் இருக்கு."

அக்கா தலையாட்டினாள். எழுந்து போகவில்லை. நகர்ந்து உட்கார்ந்து, தங்கைக்கும் கல்லில் இடம் விட்டாள்.