பத்தாம் நாள் மல்லாட்டை

1

இந்தக் கதை செங்கம் ரோட்டு டீக்கடை ஒன்றில் எனக்குக் கிடைத்தது. கோதண்டராமன் என்ற பெரிய மனிதர், அக்கா பிள்ளைகளின் தகராறைத் தீர்த்துவைத்த பெருமையை அளந்துகொண்டிருந்தார். "வண்டி சேத்துல எறங்குனா அதுக்கு நானா பொறுப்பு?" என்று கடைசியில் கேட்டார் பாருங்கள், அப்போது ஏறிய ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை. ஆத்திரத்தில் எழுதினால் கதை கெடும் என்பார்கள். கெடட்டும்.

2

1998. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, சித்திரை வெயிலில்... (வெயில் வேண்டாம். விஷயத்துக்கு வருகிறேன்.)

அப்பா போன பிறகு மணிமொழி தனியாகப் போட்ட முதல் மல்லாட்டை. வேர்க்கடலைக்கு அங்கே அதுதான் பேர். இதில் விதைக்கு எடுத்துவைத்தால்தான் அடுத்த போகம் போட முடியும், நிலமும் அவள் கையில் நிற்கும். தம்பி செழியனுக்கோ சித்ரா பௌர்ணமிக்கு அதே நிலத்தில் கிரிவலம் வருகிறவர்களின் வேன்களைக் காசுக்கு நிறுத்த இடம் விட வேண்டும். அது ஓடினால் ஓசூர் கம்பெனிக்குத் திரும்ப வேண்டாம். (இவனை வில்லனாக்கப் பார்த்தேன். ஊரோடு இருக்க நினைப்பது குற்றமா?)

"காய் முத்த இன்னும் இருவது நாள் ஆவும்டா."

"பௌர்ணமிக்கு காஞ்ச நெலம் வேணும்க்கா. இன்னைக்கே புடுங்கிடலாம்."

மாமா கோதண்டராமன் நடுவில் உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் விட்டுக்குடுங்க. பத்தாம் நாள் புடுங்குங்க."

"மாமா, தண்ணி கட்டித்தான..." என்று மணிமொழி ஆரம்பித்தாள்.

"பெரியவங்க பேசறப்ப குறுக்க வராதம்மா."

3

(அவள் விட்ட வாக்கியத்தை நான் முடிக்கிறேன்.) காய்ந்த மண்ணில் பிடுங்கினால் செடி கையோடு வரும், காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அதனால் முதலில் தண்ணீர் கட்ட வேண்டும். பத்தாம் நாள் என்பது பௌர்ணமிக்கு முந்தின நாள்; தண்ணீர் கட்டிய நிலம் மறுநாளைக்குள் காயாது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். இருபதில் பாதி பத்து என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் மறந்துவிட்டார்.

பிடுங்கினார்கள். பருப்பு முற்றவில்லை, விதைக்கு ஆகாது. மறுநாள் வந்த முதல் வேன் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கியது. தள்ளி வெளியே எடுத்ததும் டிரைவர் செழியனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனான். அடுத்த வேன் உள்ளே திரும்பவேயில்லை.

4

முடிவு ஒன்று: அக்காவும் தம்பியும் சேற்றில் நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து... (அடித்துவிட்டேன். யார் சிரிப்பார்கள்?)

முடிவு இரண்டு: செழியன் ஓசூருக்கு பஸ் ஏறினான். அவள் நிலத்தை... (இதுதான் நடந்திருக்கும். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

விட்டுக்கொடுப்பதை நான் பழிக்கவில்லை. ஒருவர் முழுசாக விட்டிருந்தால் இன்னொருவராவது பிழைத்திருப்பார். இரண்டையும் கெடுத்துவிட்டு அதற்கு நியாயம் என்று பேர் வைக்கிறார்களே, அதற்குத்தான் வயிறு எரிகிறது.

முடிவு மூன்று: பௌர்ணமிக்கு மறுநாள் மாமா வருகிறார். மணிமொழி ஒரு காயை உடைத்து அவரிடம் நீட்டுகிறாள்.

"சாப்புடுங்க மாமா. நீங்க பிரிச்சுக் குடுத்ததுதான்."

தின்றாரா, துப்பினாரா? நான் எழுத மாட்டேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பாதி தின்றார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.