கால் பங்கு

கடலுக்கடியில் சிப்பிகளை அளந்து எழுதிய பிளாஸ்டிக் பலகையைப் படகுத்துறையில் அவர் நீட்டியதும் ஆராய்ச்சி மாணவி ஆவலோடு வாங்கிப் பார்த்தாள்.

“அங்கிள், உங்க வரிசையில மட்டும் எல்லாமே பொடிசு. உங்களை மாதிரியே உதவிக்கு முங்க வர்ற பஸ் டிரைவரும் நர்ஸும் பெருசு பெருசா எழுதியிருக்காங்க. துறைமுகத்துல முப்பது வருஷம் முங்கினவர் கணக்குதான் சரி, அவங்க ரெண்டு பேரையும் நிறுத்திடலாம்னு புரொபசர் சொல்லிட்டார்.”

அவருக்கு முதுகு இன்னும் நிமிர்ந்தது. மனைவி போன பிறகு, வீட்டில் அவர் வாய் திறப்பதே தவறான எண்ணுக்கு யாராவது போன் செய்தால்தான். பல்கலைக்கழகப் படகு கிளம்பும் சனிக்கிழமைதான் அவருக்கு வாரம். “சம்பளமும் கிடையாது, இந்த வயசுல எதுக்குப்பா கடல்ல குதிக்கிறீங்க?” என்று மகள் கேட்டபோது, “நம்பிக் கூப்பிடறாங்கம்மா” என்று பேச்சை வெட்டிவிட்டார்.

“கத்துக்குட்டிங்க. தண்ணிக்குள்ள எல்லாம் பெருசாத் தெரியும், கால் பங்கு கழிக்கணும். மறந்திருப்பாங்க” என்றார்.

“கழிக்கணுமா? ஸ்கேலும் கூடவே பெருசாத்தானே தெரியும் அங்கிள். அது காட்டறதை அப்படியே எழுதணும்னு முதல் நாளே சொன்னாங்களே.”

முதல் நாள் அவர் எதையும் காதில் வாங்கவில்லை. எனக்கா பாடம் என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் ஸ்கேல் ஏது? கப்பலின் அடியில் விரிசலைக் கண்ணால் மட்டிட்டு, கால் பங்கு கழித்துச் சொல்வார். பழகிய கை, ஸ்கேல் எட்டு காட்டினால் ஆறு என்று எழுதியிருக்கிறது. நான்கு மாதமாக.

அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டால் சனிக்கிழமைகள் தங்கிவிடும். ஆனால் அவர் அப்பா காலத்திலிருந்தே அவர் வீட்டார் சொன்னதை யாரும் சந்தேகப்பட்டுச் சரிபார்த்ததில்லை. தங்கள் பிழைக்கு இன்னொருவரை அவர்கள் தலைகுனிய விட்டதும் இல்லை.

“நிறுத்த வேண்டியது அவங்களை இல்லம்மா. தப்பா எழுதினது நான்.”

கேலி என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் விளக்க விளக்கச் சிரிப்பு வற்றியது.

“எல்லாத்துலயும் கழிச்சீங்களா? அப்படீன்னா கணக்கைத் திருப்பிப் போட்டுச் சரி பண்ணிடலாம்.”

“சிலதுல கழிக்காம விட்டிருப்பேன். எதுலன்னு தெரியலை.”

“நாலு மாசக் கணக்கு, அங்கிள்…” என்றவள் புரொபசரைக் கூப்பிடப் போனை எடுத்துக்கொண்டு படகுத்துறையின் மறுகோடிக்கு நடந்தாள்.

அடுத்த வாரம் வரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. முங்குவதற்குப் போடும் இறுக்கமான ரப்பர் உடையின் ஜிப் முதுகில் இருந்தது. யாரையும் கூப்பிடாமல், விறைப்பாக நின்றபடி கையைப் பின்னால் வளைத்து, அதன் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார்.