கிழிக்கக் கூடாத பை

மருமகள் பிளேடால் ஒரே இழுப்பு இழுத்தாள். அவள் வரிசையிலிருந்த வெள்ளைப் பையின் வயிறு கிழிந்து கறுப்புச் சேறு சரிந்தது.

பத்து மணிக்கு மாமியார் வருவார். தக்காளி வரிசை இரண்டையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். ஒன்று கொழுந்தனுடையது, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் பீட் மக்கில் வளர்வது. இன்னொன்று, அதற்கு மாற்றாக அவள் கொண்டுவந்த தேங்காய் நார்த்தூளில். தோற்றால் பசுமைக்குடில் முழுக்கக் கொழுந்தன் கையில். அவள் பழையபடி விதைப் பொட்டலம் மடிக்கப் போகவேண்டியதுதான்.

நார்த்தூள் என்று சீட்டு ஒட்டிய வரிசை தலை தொங்கிக் கிடந்தது. பீட் என்று ஒட்டியது மதமதவென்று நின்றது.

"பந்தயம் முடியறவரைக்கும் பையைக் கிழிக்கக் கூடாதுன்னு நீங்கதானே அண்ணி சட்டம் போட்டீங்க?"

பின்னால் கொழுந்தன். ஆள் குட்டை, காரம் அதிகம்; வீட்டில் எல்லாருக்கும் அவன் 'கடுகு'.

"உண்மையச் சொல்லு. உப்புத் தண்ணி ஊத்தினியா?"

"ஐயையோ! உங்க வரிசைக்கு நாளைக்கு எட்டு வேளை சொட்டுநீர், டைமர், டைமருக்குப் பூட்டு. மாப்பிள்ளை உபசாரம்! என் வரிசைதான் அநாதை. பையைத் தூக்கிப் பாப்பேன், லேசா இருந்தா ஒரு குவளை. அவ்வளவுதான்."

பேசிக்கொண்டே அவன் ஒரு காலை நகர்த்திச் சேற்றை மறைத்தான். எதற்கு மறைக்கிறான்?

குனிந்து ஒரு பிடி அள்ளிப் பிசைந்தாள். நார்த்தூள் எவ்வளவு அழுகினாலும் விரலில் நார் சிக்கும். இது வெண்ணெயாக வழுக்கியது. ஒரு நார்கூட இல்லை.

விருட்டென்று எழுந்து அவன் வரிசைக்கு நடந்தாள்.

"அண்ணி, அது வேணாம்!"

கிழித்தாள். பொலபொலவென்று கொட்டியது, செம்பழுப்பு நார்.

வாசலில் மாமியாரின் செருப்புச் சத்தம்.

"கடுகு, அத்தை வர்றாங்க. நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

சேற்றை மறைத்த காலை அவன் எடுத்துக்கொண்டான்.

"முதல் நாளே சீட்டை மாத்தி ஒட்டிட்டேன், அண்ணி. உங்க செல்லமெல்லாம் என் பீட்டுக்குப் போகட்டும், ஜெயிச்சதும் அம்மா முன்னாடி பையைக் கிழிச்சுக் காட்டலாம்னு. எட்டு வேளைத் தண்ணியில அது மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. சரி, தோக்கறது உங்க பேருதானேன்னு வாயை மூடிக்கிட்டேன்... ரெண்டு மாசமா நான் தூக்கித் தூக்கி வளத்தது உங்க நார்த்தூளைத்தான்."