உருண்டை முனை கீபோர்டு

மதியம் இரண்டு பத்துக்கு இரத்த வங்கி நர்ஸிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, ஓ நெகட்டிவ் மூணு பேர் வேணும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன். கைவசம் ஒரு பைதான் இருக்கு. எடுத்த ரத்தத்துக்கு டெஸ்ட் எல்லாம் பண்ணணும். அதனால அஞ்சு மணிக்குள்ள ஆளுங்க இங்க வந்தாகணும்."

"அனுப்பி வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அண்ணி மவுஸைத் தொட்டாள். திரையில் அம்பு நகரவில்லை.

அவளை அந்தத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிடும். அவளுடைய நாத்தனார் வாய் ஓயாமல் கூப்பிட்டு எல்லோருக்கும் பழக்கிவிட்டாள். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் இருவரும் இரத்தம் கொடுப்பவர்களின் பதிவேட்டை ஒன்பது வருடமாக நடத்தி வந்தார்கள். அண்ணியின் கணவர் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது இரத்தத்துக்காக இரண்டு பேரும் ஊரெல்லாம் அலைந்தார்கள். அந்த அலைச்சலில் தொடங்கிய வேலை. அவர் பிழைத்தெழுந்து இப்போது சுவர் அதிரக் குறட்டை விடுகிறார். வேலை மட்டும் நிற்கவில்லை. ஆயிரத்து அறுநூறு பெயர்கள், எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டருக்குள்.

அண்ணி கீபோர்டில் தட்டினாள். எழுத்து வரவில்லை. மவுஸைத் தூக்கித் துடைத்து மறுபடி வைத்தாள். அம்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"தொங்கிடுச்சு. முடிஞ்சுது கதை" என்றாள் நாத்தனார்.

"தொங்கல. கீழ மூலையில பாரு, கடிகாரம் ஓடுது. உள்ள எல்லாம் நடக்குது, நாம சொல்றதுதான் போய்ச் சேரல."

மெக்கானிக்கிற்கு போன் போட்டார்கள். ஆஃப் செய்து ஆன் செய்தீர்களா என்று கேட்டான். நாளைக்கு மத்தியானம் வருகிறேன் என்றான்.

"நாளைக்கு மத்தியானம் எனக்கு எதுக்குப்பா?" என்று அண்ணி வைத்துவிட்டாள். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "அலமாரியில பழைய பிரிண்ட் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. ஓ நெகட்டிவ் யாரெல்லாம்னு பார்த்து நீ போன் போட ஆரம்பி. நான் இதை விடப்போறதில்ல."

நாத்தனார் முகத்தைச் சுளித்துக்கொண்டே காகிதக் கட்டை இழுத்தாள். முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாமவர் வெளிநாடு போய்விட்டார். மூன்றாவதாக எடுத்த ஒரு பெண், "போன மாசம்தான் கொடுத்தேன், நீங்கதானே அனுப்பினீங்க" என்று சிரித்தாள்.

அண்ணி மேசைக்கு அடியில் புகுந்தாள். இரண்டு வயர்களையும் பிடுங்கி முன்பக்கம் செருகினாள். பிறகு பின்பக்கம், ஒவ்வொரு துளையாக. கீபோர்டில் விளக்கு எரியவில்லை. மவுஸின் அடியில் வழக்கமாகத் தெரியும் சிவப்பு வெளிச்சமும் இல்லை. தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தாள்.

"ரெண்டும் ஒரே நேரத்துல செத்திருக்காது" என்றாள்.

கீபோர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி, எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்கு நடந்தாள். அங்கிருந்த கம்ப்யூட்டரில் செருகியதுமே விளக்கு எரிந்தது. தட்டினாள், எழுத்தெல்லாம் ஒழுங்காக விழுந்தது. "இது நல்லாத்தான் இருக்கு. கோளாறு பெட்டியிலதான்" என்று கடைக்காரரிடம் சொன்னாள். வந்த வேகத்திலேயே திரும்பினாள்.

மணி இரண்டு ஐம்பது. பொத்தானை அழுத்திப் பிடித்து கம்ப்யூட்டரை அணைத்தாள். மறுபடி போட்டுவிட்டுத் திரையைப் பார்க்காமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடும்போது விளக்கு எரிந்தது. கடவுச்சொல் கேட்கும் திரை வந்ததும் பொசுக்கென்று அணைந்தது.

"பார்த்தியா? ஆரம்பத்துல எரியுது. அப்புறம்தான் போகுது. அப்ப துளையும் நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற ஏதோ ஒண்ணு இதை அணைக்குது."

"காலையில அதுவா ஏதோ அப்டேட் ஆகுதுன்னு அரை மணி நேரம் சுத்திக்கிட்டு இருந்துச்சே அண்ணி..."

"அதேதான். அந்தச் சனியன்தான்."

ஆனால் அதை உள்ளே போய்ச் சரிசெய்யவும் கடவுச்சொல் அடிக்க வேண்டும். அடிக்கக் கீபோர்டு வேண்டும். அண்ணி ஒரு நிமிடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாத்தனார் அதற்குள் ஒரு நீச்சல் பயிற்சியாளரைப் பிடித்திருந்தாள். அவர் நான்கு மணிக்கே போவதாக ஒப்புக்கொண்டார். பட்டியலில் மீதியிருந்தவர்கள் யாரும் எடுக்கவில்லை.

"ஒண்ணு ஆச்சு. இன்னும் ரெண்டு" என்றாள் நாத்தனார்.

அண்ணி மறுபடி மேசைக்கடியில் போய், செல்போன் வெளிச்சத்தில் பெட்டியின் முதுகைத் தடவினாள். அவள் செருகிப் பார்த்த சதுர யூ.எஸ்.பி. துளைகளுக்கு மேலே ஊதா நிறத்தில் ஓர் உருண்டைத் துளை, ஆறு சின்ன ஓட்டைகளோடு. டெலிபோன் பில் கட்டும் கவுண்டரில் அவள் வேலை பார்த்த காலத்தில் கீபோர்டுகள் எல்லாம் அதில்தான் செருகப்பட்டன. அதன் வழி தனி, அப்டேட் கெடுத்த சதுரத் துளைகளோடு அதற்குச் சம்பந்தமில்லை.

மாடிப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "கடைக்காரரே! உருண்டை முனை வச்ச பழைய கீபோர்டு இருக்கா?"

ஜெராக்ஸ் கடைக்காரர் பரண் மேல் ஏறி, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒன்றை உருவினார். மஞ்சளேறிப்போய், பிஸ்கட் தூள் உதிர உதிர வந்தது. அண்ணி முனையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு ஊசி வளைந்து படுத்திருந்தது.

கீழே சைக்கிள்காரர் டயரை உருவிக்கொண்டிருந்தார். அண்ணி முனையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதை நிமிர்த்தணும். உடைஞ்சா வேற கிடையாது."

"அவசரப்படுத்தாதீங்க அண்ணி, கை ஆடும்." அவர் கையைத் துணியில் துடைத்தார், மெல்லிய ஆணி ஒன்றை எடுத்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை நெம்பினார். பாதி எழுந்தது. மறுபக்கம் திருப்பி இன்னொரு தடவை. நேராக நின்றது.

மாடிக்கு ஓடிய அண்ணி செருகினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"போச்சு" என்றாள் நாத்தனார்.

"சும்மா இரு. இது அந்தக் காலத்து ஆள். ஆன்ல இருக்கும்போது செருகினா கண்டுக்காது." அணைத்துவிட்டுப் போட்டாள். இம்முறை கடவுச்சொல் திரை வந்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அடித்தாள். திரை திறந்தது. நாத்தனார் வீல் என்று கத்தியதில் கீழே சைக்கிள்காரர் என்னமோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டார்.

மணி மூன்று நாற்பது.

"மவுஸையும் சரி பண்ணிடு அண்ணி."

"முதல்ல ஆளு. மவுஸ் எங்க போயிடப் போகுது?"

மவுஸ் இல்லாமலே வேலை பார்த்துப் பழகிய விரல்கள் அவை. அம்புக்குறிப் பட்டன்களால் இறங்கி இறங்கி பதிவேட்டைத் திறந்தாள். ஓ நெகட்டிவ் என்று தேடினாள். இருபத்திரண்டு பேர். மூன்று மாதத்துக்குள் கொடுத்தவர்களைக் கழித்தால் பதினொன்று. எண்களை அவள் வாசிக்க, நாத்தனாரும் சைக்கிள்காரரும் ஆளுக்கொரு போனில் அழைத்தார்கள்.

நான்காவது எண்ணில் ஒரு ஹோட்டல் சமையல்காரர் கிடைத்தார். கழுவிய கையோடு கிளம்புகிறேன் என்றார். ஒன்பதாவது எண் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணுடையது. பேசியது அவளுடைய மாமியார்.

"அவ குளிச்சிட்டு இருக்கா. என்ன விஷயம்?"

சைக்கிள்காரர் போனை நீட்டினார். அண்ணி அதை வாங்கி, ஒன்றையும் மறைக்காமல் விஷயத்தைச் சொன்னாள்.

"அவ கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. நானே கூட்டிட்டு வரேன். அஞ்சு மணிதானே? எங்களுக்கு ஆட்டோ கிடைச்சா போதும்."

ஆட்டோ கிடைக்கவில்லை. நான்கு முப்பதுக்கு அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். நாத்தனார் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு பறந்தாள். மாமியார் நடுவில், மருமகள் கடைசியில், மூன்று பேராக அவர்கள் இரத்த வங்கிக்குள் நுழைந்தபோது மணி நான்கு ஐம்பத்தாறு. நர்ஸ் ஷட்டருக்கு வெளியே வந்து நின்றிருந்தார்.

மூன்று பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான் அண்ணி கம்ப்யூட்டரின் சாதனங்கள் பட்டியலுக்குள் போனாள். சதுரத் துளைகளின் பெயருக்கு நேரே கோளாறு என்று காட்டும் மஞ்சள் முக்கோணங்கள் வரிசையாக இருந்தன. அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து நீக்கினாள். அணைத்துப் போட்டதும் கம்ப்யூட்டர் அவற்றைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டது. மவுஸுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் வந்தது. அம்பு நகர்ந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு நர்ஸ் பேசினார். ஆபரேஷன் முடிந்துவிட்டது, அந்த அம்மா கண் விழித்துத் தண்ணீர் கேட்டிருக்கிறார். "அப்புறம் அண்ணி, நேத்து வந்தாங்களே அந்த மாமியார், அவங்க பி பாசிட்டிவாம். என்னையும் எழுதிக்கோங்கன்னு பிடிவாதமா பேரும் நம்பரும் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. சொல்லவா?"

"சொல்லுங்க" என்ற அண்ணி கீபோர்டை அருகே இழுத்துக்கொண்டாள்.