சுலோசனாவின் விரல்

அம்பத்தூரில் பதினேழு வருடங்களாக டயாலிசிஸ் நர்ஸாக இருக்கும் சுலோசனா, ஊசி குத்துமுன் நோயாளி தங்கராஜின் கையில் டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து இணைத்திருந்த ரத்தக்குழாயைத் தொட்டுப் பார்த்தாள். வழக்கமான அதிர்வு குறைந்திருந்தது.

போன வருடம் இன்னொருவருக்கு இப்படித்தான் இருந்தது. "டாக்டர், எனக்கென்னவோ சரியாப் படலை" என்று அன்று சொன்னாள்.

"படலைன்னு கேஸ் ஷீட்ல எழுதவா?" என்று சிரித்தார் டாக்டர். மறுநாள் அந்த நோயாளியின் குழாய் அடைத்துக்கொண்டது.

அந்தக் கோபத்தில்தான் டயாலிசிஸ் நர்ஸுகளுக்கான சிறப்புத் தேர்வு எழுதி பாஸ் செய்தாள்.

இன்று அதே டாக்டரிடம் அதிர்வு, ஓசை, அழுத்தம் என்று காரணங்களை அடுக்கினாள். அவர் மறுபேச்சில்லாமல் ஸ்கேனுக்கு எழுதினார். சுருங்கியிருந்த குழாயை உடனே சரிசெய்தார்கள்.

"இன்னா சிஸ்டர், ஸ்கேனுக்கு மின்னாடியே உங்க வெரலு கண்டுபுட்ச்சிட்ச்சே!" என்றார் தங்கராஜ்.

"விரலுக்கு எப்பவுமே தெரியும் சார். இப்பதான் அதுக்கு வாய் வந்திருக்கு."